பூச்சி தொடாத மரம்

காலையில் வந்த அந்தப் பெண் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. அவள் கணவர் நாற்காலி செய்யும் தச்சர். போன மாதம் நெஞ்சுவலியில் விழுந்து, மயிரிழையில் உயிர் தப்பினார். புகை, குடி, சர்க்கரை எதுவும் இல்லாத மனிதருக்கு இதயக் குழாய் ஏன் அடைத்தது என்று குழம்பிய மருத்துவர், அவர் நகங்களில் குறுக்கே ஓடிய வெள்ளைக் கோடுகளைப் பார்த்துச் சோதனைக்கு அனுப்பினார். உடம்பில் ஆர்சனிக் என்ற பாஷாணம் இருப்பதாக முடிவு வந்தது.

"வீட்டுல சமைக்கிறது நான் ஒருத்திதான். அண்ணி விஷம் வெச்சுட்டாங்கன்னு போலீசுக்குப் போகப்போறதா கொழுந்தன் என் மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டார். இவர் வாயே திறக்கலை. தம்பி வாங்கிட்டு வர்ற கடைச் சாப்பாட்டைத்தான் சாப்பிடறார்," என்றாள். கடைசி வாக்கியத்தில்தான் குரல் உடைந்தது.

கேட்டுக்கொண்டிருந்தவர் விஷப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடே தீப்பற்றினாலும் செருப்பை மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்பதால் எல்லோரும் அவரை நிதானம் என்றே அழைத்தார்கள். கூடவே திரியும் அவர் மைத்துனருக்குப் பட்டப்பெயர் கிடையாது. யோசித்து வைப்பதற்குள் ஆள் தெருமுனையைத் தாண்டியிருப்பார்.

கொழுந்தன் எங்கே சாப்பிடுகிறார் என்று மட்டும் நிதானம் விசாரித்தார். கல்யாணம் ஆகாதவர், பட்டறையிலேயே தங்குகிறார், தன் சமையலைத் தொட்டே வருஷக்கணக்கில் ஆகிறது என்றாள் அவள்.

அவள் தலை மறைந்ததும் மைத்துனர் வழக்கை முடித்துவிட்டார். அண்ணன் போனால் பட்டறை முழுக்கத் தம்பிக்குத்தானே; கொன்றுவிட்டு அண்ணி தலையில் போடப் பார்க்கிறான். நிதானம் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அதையும் கேட்டுக்கொண்டார்.

தெருமுனைக்கே வந்து பட்டறைக்கு அழைத்துப்போன தச்சரின் தம்பி முகம் கொடுத்துப் பேசவில்லை. கொளுத்தும் வெயிலில் கம்பளிக் காலுறை போட்டிருந்தார். அந்தச் சின்னத் தெருவைக் கடப்பதற்குள் இரண்டு தடவை நின்று, எதையோ வேடிக்கை பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டு நடந்தார். ஆனால் விழுந்த அண்ணனைத் தூக்கி வண்டியில் ஏற்றியதைச் சொன்னபோது அவர் கண் கலங்கியது. அது நடிப்பு என்று மைத்துனர் கிசுகிசுத்தார்.

பட்டறையின் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. இடுக்குகளில் காகிதம் ஒட்டியிருந்தது. மூலையில் அடுப்பின்மேல் மரம் ஒட்டும் வச்சிரப் பசை சூடாகிக்கொண்டிருந்தது. காற்றுப் பட்டால் பசை ஒட்டுவதற்குள் உறைந்துவிடும், மூட்டு பிடிக்காது என்றார் தம்பி. அடுப்பில் எரிந்த துண்டுகளில் லேசாகப் பச்சை ஓடியது.

"பழைய வேலிக் கம்பம், சார். எத்தனை வருஷம் மண்ணுல நின்னாலும் பூச்சி தொடாது. அதுக்காகவே அண்ணன் தேடித் தேடி வாங்குவார். அறுத்து விழற துண்டைக்கூட வீணாக்க மாட்டோம்."

அடுப்புச் சாம்பலால்தான் டீ டம்ளர்களையும் தேய்த்து வைத்திருந்தார்கள். நிதானம் ஒரு மரத்துண்டையும் கொஞ்சம் சாம்பலையும் காகிதத்தில் மடித்துக்கொண்டார். பிறகு தம்பியின் நகத்தை வெட்டித் தரச் சொன்னார். பரிசோதனை முடிவு வரும்வரை போலீசுக்குப் போகாமல் பொறுக்கவும் கேட்டுக்கொண்டார். விஷம் வைத்தவன் நகத்தில் விஷம் எதற்கு இருக்கப்போகிறது என்று மைத்துனருக்கு ஒரே எரிச்சல்.

முடிவு வந்த அன்று எல்லோரும் தச்சர் வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். தச்சர் கட்டிலில் சாய்ந்திருந்தார். மனைவி கதவோரம் நின்றாள்.

"விஷம் சாப்பாட்டுல இல்லை, அடுப்புல," என்று நிதானம் ஆரம்பித்தார். "பூச்சி ஏன் தொடலைன்னு நீங்க யோசிக்கலை. அந்தக் கம்பத்துக்கு ஆர்சனிக் மருந்து ஏத்தியிருக்காங்க, மரத்துல ஓடுற பச்சை அந்த மருந்தோட நிறம்தான். அதை எரிச்சா புகையிலயும் சாம்பல்லயும் வந்துடும். நீங்க ஜன்னலை அடைச்சுக்கிட்டு அந்தப் புகையை இழுத்தீங்க, அந்தச் சாம்பல்ல தேய்ச்ச டம்ளர்ல டீ குடிச்சீங்க."

புகை நெஞ்சடைப்பை எப்படிக் கொண்டுவரும் என்று மைத்துனர் விடாமல் கேட்டார்.

"ரத்தக் குழாய்க்கு உள்பக்கம் உயிரணுக்களால ஆன மெல்லிசான தோல் இருக்கு. குழாய் எப்பத் தளரணும்னு அதுதான் சேதி சொல்லும். ஆர்சனிக் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்ந்தா அந்த உயிரணுக்கள் புண்ணாகி, சேதி சொல்றதையே விட்டுடும். குழாய் இறுகும், ரத்த அழுத்தம் ஏறும், உள்ளே கொழுப்பு படியும். ஒருத்தருக்கு நெஞ்சுல அடைக்கும்." அவர் தம்பியின் பக்கம் திரும்பினார். "இன்னொருத்தருக்குக் கால்ல. நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்குது, நின்னா விட்டுடுது. பாதம் எப்பவும் ஜில்லுன்னு இருக்கு. சரிதானே?"

தம்பி குனிந்து காலுறையைக் கழற்றினார். விரல்கள் வெளிறி, நுனியில் கறுத்திருந்தன.

"அண்ணனைவிட உங்க நகத்துல விஷம் அதிகம். ராத்திரியும் அங்கேயே படுக்கிறீங்க இல்லையா? அண்ணி சமையலைத் தொடாத ஆளுக்கு அது எங்கேருந்து வந்தது?"

"அடுப்பு மூட்டறது நான்தான், சார்," என்றார் தம்பி. தெரியாமல் செய்ததற்கு யாரும் அவரைக் குற்றம் சொல்லப் போவதில்லை என்றும், அடுப்பை இன்றோடு விட்டு வைத்தியம் பார்த்தால் ஆபத்து மெல்ல மெல்லக் குறையும் என்றும் நிதானம் ஆறுதல் சொன்னார். பார்க்கவே பாவமாக இருந்தது. மைத்துனர் போய்த் தண்ணீர் கொண்டுவந்து தம்பியின் கையில் கொடுத்தார்.

தம்பி யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து வாசலுக்கு நடந்தார். கதவோரம் நின்றவள் நகரவில்லை.

"இந்தக் காலோட எங்கே கிளம்பிட்டீங்க? மறுபடியும் அந்தப் புகையில போய்ப் படுக்கவா? உள் ரூம் காலியாத்தான் இருக்கு. போய்ப் படுங்க."

தச்சர் தயங்கித் தயங்கி, தன்னையும் மன்னித்துவிடும்படி கேட்டார்.

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "அவர் என்னைக் கொலைகாரின்னு சொன்னார், நான் இல்லைன்னு சொல்ல முடிஞ்சுது. நீங்க ஒண்ணுமே கேட்கலை. நான் யார்கிட்ட போய் இல்லைன்னு சொல்லுவேன்?"