மிச்சச் சத்தம்

ஒன்றுமே கேட்கக்கூடாத இடத்தில் டிக் டிக் என்று கேட்டது. எஸ்ரன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தான்.

பாட்டுப் பதிகிறவர்கள் கணினியில் செருகிக்கொள்ளும் சின்னச் சின்ன ஒலிக் கருவிகள் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி ஓடவேண்டும் என்று, பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த பொதுவிதி ஒன்று உண்டு. பத்து வருஷமாகச் சேர்ந்த பழைய நிரல் குப்பையும் அதற்குள்ளேயே கிடந்தது. அதைக் கூட்டிப் பெருக்கி அடுக்கும் வேலையைத்தான் எஸ்ரன் அம்பிட்டிய ஊரில் தன் வீட்டிலிருந்தபடி செய்துகொண்டிருந்தான். அழிக்க வேண்டிய ஐந்து கோப்புறைகளின் பட்டியலைக் கொடுத்துவிட்டால், கணினியே ஒவ்வொன்றாக அழித்துச் சோதிக்கும். முன்பே பதிந்து வைத்த பழைய ஒலியிலிருந்து புதிய ஒலியைக் கழித்துப் பார்ப்பதுதான் சோதனை. இரண்டும் ஒன்றாக இருந்தால் மிச்சம் வெறும் மௌனம்.

முதல் கோப்புறை போயிருந்தது. மிச்சத்தில் டிக் டிக்.

ஹெட்போனைக் கழற்றினான். பகல் இரண்டு மணிக்கே ஹந்தானை மலையை மூடிக்கொண்டு மழை தகரத்தில் கொட்டியது, அடுப்பில் அவித்து வைத்த கொத்தமல்லித் தண்ணீரின் வாசம் ஈரச் சுவர் வாசத்தோடு கலந்து வந்தது, பக்கத்து அறையில் காய்ச்சலோடு படுத்திருந்த மகள் அஷ்வினி விட்டுவிட்டு இருமிக்கொண்டிருந்தாள். போன மாதம் அவளுக்கு மூச்சு அடைத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அதனால் காலையில் கம்பளைக்கு வேலைக்குப் போகும்போது மனைவி றேணுகா வாசலில் நின்று சொல்லியிருந்தாள்.

“இருமுற சத்தம் கேட்டா பயமில்லங்க. நின்னுபோச்சுன்னா ஓடிப் பாருங்க. அந்தக் கருமத்தக் காதுல மாட்டிக்கிட்டு ஒக்காந்துறாதீங்க.”

சுவரைப் பார்த்தான். கடிகார முள் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை.

இரண்டாவது போனது. ஹெட்போனை மறுபடி காதில் வைத்தான். மிச்சத்தில் இப்போது சொட்டுச் சத்தமும் சேர்ந்திருந்தது. அடுப்பிருந்த குசினிக்குப் போய்ப் பார்த்தான். குழாயிலிருந்து துளி துளியாக வாளியில் விழுந்து, வளையம் வளையமாகத் தண்ணீர் விரிந்தது. ஊமைத் தண்ணீர்.

கடுகண்ணாவையில் இருந்து கூட வேலை செய்யும் நிரஞ்சனுக்குப் போன் எடுத்து விஷயத்தைச் சொன்னான். அவன் சிரித்தான்.

“மூணு நாளா தூங்கலன்னா வாளியும் ஊமையாத்தான் தெரியும் அண்ணே. பழைய பிரதி இருக்குல்ல? திருப்பிப் போட்டுட்டுப் படுங்க.”

இருக்கிறது என்று எஸ்ரன் பொய் சொன்னான். மௌனம் கேட்கும்வரை பழைய பிரதியைத் தொடக்கூடாது என்பது இந்த வேலையில் முதல் பாடம். இரண்டு பிரதி கிடந்தால் குழப்பம் என்று, காலையில் அவனே அதை அழித்திருந்தான்.

போனை வைத்தபோது வீடு கனத்துக் கிடந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை அதே வேகத்தில் விழுந்தது. தகரம் பேசவில்லை.

மூன்றாவதும் போயிருந்தது.

நிறுத்தும் விசையை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். விசையிலும் சத்தமில்லை. திரையில் நான்காவதும் போனது.

இருமல்.

இருமல் கேட்கவில்லை.

எப்போதிருந்து?

எழுந்தான். கதிரை பின்னால் விழுந்தது. விழுந்தது காலில்தான் தெரிந்தது.

அஷ்வினி அறை வாசலில் நின்றாள். தோள் குலுங்கியது. இருமுகிறாள். ஒன்றும் கேட்கவில்லை. வாய் அசைந்தது. அதுவும் கேட்கவில்லை.

மேசையில் கிடந்த ஹெட்போனுக்குள் மழை பெய்தது. கடிகாரம். குழாய். மகளின் இருமல். அதை ஒட்டி இன்னொரு மூச்சு. கனமானது. அந்த வீட்டில் அதுவரை கேட்காதது.

ஐந்தாவதும் போனது.

பிறகு ஹெட்போனுக்குள் அவள் குரல், எறும்பளவில்.

“அப்பா, என் கையப் புடிச்சிருக்கிறது யாருப்பா?”

அவளுடைய வலது கை தலைக்குமேல் நீண்டு நின்றது, உயரமான ஒருவர் சந்தைக்குக் கூட்டிப்போகப் பிடித்திருப்பதுபோல.