சூனியக்காரிக்கு இன்னும் குரல் போடவில்லை

காலை பதினொன்றரைக்குத் தன் வாண்டின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டப்பிங் தியேட்டர் படியேறினாள் அவள். மூன்று நாளாகப் பிள்ளை வாயைத் திறந்தால் ஒரே பேச்சுதான். பசிக்குதா என்று கேட்டாலும் அதுதான், தூக்கத்தில் புரண்டாலும் அதுதான்.

"வரேன்மா."

பெற்றவளைப் பார்த்துச் சொன்னாலாவது பரவாயில்லை. ஆளில்லாத மூலையைப் பார்த்துச் சொல்கிறது. தொண்டையில் டார்ச் அடித்துப் பார்த்த டாக்டர், ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்க வையுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

இந்தக் காலத்துச் சினிமாக்காரர்கள் பழைய கதைகளைச் சும்மா விட்டால்தானே! காட்டுக் குடிசையிலிருந்து பிள்ளைகளை மூன்று முறை கூப்பிடுவாள் ஒரு சூனியக்காரி. மூன்று முறையும் "மாட்டேன்" என்ற பிள்ளை பிழைத்தது; "வரேன்" என்றது திரும்பவில்லை. கதை அவ்வளவுதான். புதுப் படத்தில் அவள் நல்லவளாகிவிட்டாள். குழந்தையைப் பறிகொடுத்த தாயாம். குழந்தை ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொள்ளுமாம். அதற்குத் தமிழில் வசனம் எழுதியவள் இவள். குழந்தைக்குக் குரல் கொடுத்தது இவள் பெற்ற வாண்டு.

மூன்று நாளைக்கு முன் நடந்த ஒலிப்பதிவில் பதினொரு டேக்கும் சப்பென்று இருந்தன. கடைசியில் இவளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, வீட்டில் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டாள். பன்னிரண்டாவது டேக்கில் பிள்ளை மனசார "வரேன்மா" என்றது. எல்லாரும் கைதட்டினார்கள். பாவி, இவளும்தான் தட்டினாள்.

"தம்பி, அந்த ரீலைப் போடு. 'மாட்டேன்'னு மாத்திப் பேச வைக்கணும்."

சவுண்டு இன்ஜினியர் தலையில் கைவைத்துக்கொண்டான். "அக்கா, டைரக்டர் என் தோலை உரிச்சிடுவாரு."

"உரிக்கட்டும். உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

சொன்னதோடு நிற்காமல் குனியவும் போய்விட்டாள். அவன் பதறிப்போய் ரீலைப் போட்டான்.

கண்ணாடி அறைக்குள் விளக்கை அணைத்தார்கள். மெத்தை வைத்த சுவர்கள் மூச்சுச் சத்தத்தைக்கூட உறிஞ்சிக்கொண்டன. ஏசிக் காற்றோடு ஈர மண்ணும் மக்கிய இலையும் கலந்த வாடை மெல்ல ஏறியது. வாண்டுக்கு ஒரு ஹெட்போனை மாட்டிவிட்டு, இன்னொன்றைத் தானும் மாட்டிக்கொண்டாள். திரையில் குடிசைக் கதவு திறந்தது. சூனியக்காரியின் உதடு அசைந்தது. அவளுக்குக் குரல் கொடுக்க அடுத்த வாரம்தான் ஆள் வருகிறார்.

"வாடி கண்ணு."

காதுக்குள் கேட்டது.

பிள்ளையைப் பெற்றவளின் சொந்தக் குரல்தான் அது.

"தம்பி... யாரோட ட்ராக் இது?"

"எது? சூனியக்காரி ட்ராக்கா? அது காலியா இருக்கே, அக்கா."

பிள்ளையின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"மாட்டேன்னு சொல்லுடி. என் தங்கமில்ல, சொல்லு!"

பிள்ளை உதட்டைக் கடித்துக்கொண்டு முக்கியது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது.

"வரேன்மா."

அவள் பிடித்திருந்த குட்டிக் கை சில்லிட்டுக்கொண்டே போனது. விரல்கள் ஒவ்வொன்றாக நழுவின.

"விட்டுடு," என்று இருட்டைப் பார்த்துக் கிசுகிசுத்தாள். "சின்னப் புள்ள. நான் சொல்லிக் கொடுத்ததைச் சொல்லிடுச்சு."

"எனக்கும் ஒரு புள்ள வேணுமே," என்றது அவள் குரல், அவளிடமே.

"அவளை எங்கேயும் கூட்டிட்டுப் போகாத. அவ வீட்டிலேயே இருக்கட்டும். அவளுக்குப் பதிலா நான் போறேன்."

அவள் குரலே காதுக்குள் பதில் சொன்னது.

"சரி."

பிள்ளையின் கையில் சூடு வந்தது. வாண்டு ஹெட்போனைக் கழற்றிக் கீழே போட்டது. "அம்மா, பசிக்குது."

அவள் அங்கேயே உட்கார்ந்து பிள்ளையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். தனக்கு என்ன ஆனாலும் ஆகட்டும், பிள்ளை பிழைத்ததே போதும் என்று இருந்தது.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. மூன்று நாள் பேச்சையும் சேர்த்துப் பேசியபடி வாண்டு குதித்துக் குதித்து நடந்தது. தெருமுனையில் நின்று அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தது.

"நாளையிலேர்ந்து அவங்கதான் எனக்குத் தலை பின்னி விடுவாங்களாம். நீ போனதும் நம்ம வீட்டுக்கு வந்துடுவாங்களாம். உன்னை மாதிரியே இருப்பாங்களாம், நான் பயப்பட வேணாமாம். அப்பாவுக்குக்கூட வித்தியாசம் தெரியாதாம்மா."