உட்கார்ந்தவள் கேட்ட கூலி

அக்காவின் முகத்துக்குத் தம்பி வைத்த விலை பன்னிரண்டாயிரம், கண்ணாடியும் சட்டமும் உட்பட. வருகிறவர் பேரம் பேசினால் பத்துக்கு இறங்கலாம் என்று மனதுக்குள் ஒரு கழிவும் வைத்திருந்தான்.

அவன் புகைப்படக்காரன், அவள் கரியால் படம் வரைபவள். இருவருக்கும் முதலாளி இல்லை, ஆகவே சம்பளமும் இல்லை. உத்வேகம் எங்கிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், "வாடகைத் தேதியிலேர்ந்து" என்பாள் அக்கா.

அந்த மாதத்து வாடகைத் தேதி அவர்களை மூடிக்கிடந்த ஒரு பழைய ஓட்டலின் மாடிக் கூடத்துக்குக் கொண்டுபோனது. பிற்பகல்தான். ஆனாலும் தூசி படிந்த ஜன்னல் வழியே வெளிச்சம், கடன் கேட்க வந்தவனைப் போலத் தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்தது. ஈரத்துணியை மூட்டை கட்டி மறந்துவிட்ட மாதிரி ஒரு வாடை. கூடத்தின் நடுவே ஒரு பிரம்பு நாற்காலி.

தம்பி கேமராவை ஸ்டாண்டில் பொருத்தினான். அந்த இருட்டில் அதன் கண்ணை நிமிடக்கணக்கில் திறந்து வைத்தால்தான் படம் விழும். நடமாடுபவர்கள் அதில் அழிந்துபோவார்கள். அசையாதது மட்டும் தங்கும்.

"அக்கா, அந்த நாற்காலியில கொஞ்சம் உட்காரேன்."

"நான் வரைய வந்தேன்டா. ஓசியில பொம்மையா உட்கார வேற ஆளைப் பாரு."

"சரி, வேற யாராவது வந்து உட்காருங்கப்பா" என்று காலி நாற்காலியைப் பார்த்துச் சொன்னான். தொழில் பழக்கம், "அசையக் கூடாது" என்றும் வாயில் வந்துவிட்டது. கேமராவைத் திறந்தான்.

பிரம்பு கிறீச்சிட்டது.

பழைய நாற்காலி அப்படித்தான் சத்தம் போடும் என்று இருவரும் தனித்தனியே தங்களைத் தேற்றிக்கொண்டார்கள்.

அக்கா வரையும் விதமே தலைகீழ். தாள் முழுக்கக் கரியைப் பூசிவிட்டு, எதிரே கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை மட்டும் ரப்பரால் துடைத்து எடுப்பாள். நாற்காலியின் கால்கள் வந்தன. கைப்பிடி வந்தது. கைப்பிடியின் மேல் ஒரு கை வந்தது.

ரப்பர் நின்றது.

"டேய், யாரை உட்கார வச்சிருக்க?"

"யாருமில்லையே."

"அப்ப நான் யாரை வரையறேன்?"

தாளில் ஒரு பெண் கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். முகம் மட்டும் இன்னும் கரிக்குள் இருந்தது.

"மூஞ்சியைத் தொடாத. வா, போயிடலாம்."

"என் கை நிக்கலடா."

துடைத்தாள்.

வந்தது அக்காவின் முகமே. கேமராவின் திரையைப் பார்த்தார்கள். அதிலும் நாற்காலியில் அதே முகம்.

தலைதெறிக்க ஓடிவந்தவர்கள், மறுநாள் அந்தப் புகைப்படத்தை நிதானமாகப் பார்த்ததும் பயத்தை ஓரமாக வைத்தார்கள். அவர்கள் எடுத்ததிலேயே அதுதான் அற்புதம். சட்டம் போட்டு, பன்னிரண்டாயிரம் என்று விலை ஒட்டி, ஒரு கண்காட்சியில் மாட்டினார்கள்.

கண்காட்சி அன்று காலை, அக்காவின் செல்போன் அவள் முகத்தைப் பார்த்துத் திறக்க மறுத்தது. சிரித்தாள். மதியம் கண்காட்சி வாசலுக்கு வந்த அவள் கணவரே, "நீங்க யாரைப் பார்க்கணும்?" என்றார்.

இந்தத் தடவை அக்கா சிரிக்கவில்லை. வியர்வையைத் துடைத்தாள். கைக்குட்டையில் கரி. மூக்கின் ஓரம் மங்கிப்போயிருந்தது.

"தம்பி, என் முகம் போகுதுடா."

அவன் படத்தைக் கழற்ற ஓடினான். அதன் முன்னால் கழுத்தைச் சாய்த்தபடி ஒருத்தி நின்றிருந்தாள். ஈரத்துணி வாடை. முக்காட்டுக்குள் முகம் இருக்க வேண்டிய இடத்தில் கருப்பு.

"இது விக்கிறதுக்கு இல்லீங்க."

"விலை ஒட்டியிருக்கே" என்று கிசுகிசுத்தாள். "உட்காரச் சொன்னீங்க. உட்கார்ந்தேன். அசையக் கூடாதுன்னீங்க. அசையல. கூலி?"

"அக்காவை விட்டுடுங்க. என் முகத்தை எடுத்துக்குங்க."

அவன் முகவாயைப் பிடித்து, சந்தையில் காய் பொறுக்குபவள் போல வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பினாள். விரல்கள் சில்லென்றிருந்தன.

"தாடி வேற. பாதிக்குத்தான் போகும். மீதிக்கு வேற ஆளைப் பார்த்துக்கறேன்."

அக்காவின் முகம் அன்றே திரும்பியது. இப்போதெல்லாம் அவள் தினமும் தம்பியை எதிரே உட்கார வைத்து வரைகிறாள். எவ்வளவு துடைத்தாலும் கழுத்துக்கு மேலே கரிதான்.

சட்டத்துக்குள் இருந்த நாற்காலி காலியாகிவிட்டது.

கூலி, ஒரு முகம். தம்பி கொடுத்த வகையில் வரவு அரை. பாக்கி அரை, வசூலுக்கு ஆள் கிளம்பியாயிற்று.