தங்கமாரியின் நாடி

அந்தப் பசையின் வாடை ஆசிபாவுக்கு மூக்கில் படுவதற்கு முன்பே நாக்கில் பட்டுவிட்டது. கறிக்கடையில் கழுவாமல் போட்டிருக்கும் குடலிலிருந்து வருமே, அந்த வாடை. அதற்குள் கொஞ்சம் இனிப்பும் கலந்திருந்தது. அந்த இனிப்பைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

கோவில்பட்டியில் அவள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் அன்று அறிவியல் பட்டறை. வெளியூரிலிருந்து வந்திருந்த மாயகிருஷ்ணன் சார் இதயத் துடிப்பைப் பதிவுசெய்து காட்டப்போகிறார். திரையில் கோடு நன்றாகத் தெரிய வேண்டும் என்று ஜன்னல்களையெல்லாம் சாத்தச் சொல்லியிருந்தார். ஐப்பசி மழை வெறித்து வெயில் அடித்ததில் லேப் புழுங்கியது. நாற்பது பிள்ளைகளின் வேர்வையும், செருப்புகளில் அப்பிக் காய்ந்த கரிசல் சகதியும், ஸ்பிரிட் நெடியும் ஒன்றாகக் கலந்து நிற்க, அவை எல்லாவற்றுக்கும் மேலே அந்த வாடை. கடையில் வாங்கும் ஜெல் தீர்ந்துவிட்டதாம். இது அவரே தயாரித்ததாம். லேபிள் இல்லாத கண்ணாடிப் பாட்டிலுக்குள் அது கண்ணில் கட்டும் பீளையைப் போல மஞ்சளாக இருந்தது. யாரும் பாட்டிலைச் சாய்க்கவில்லை. ஆனாலும் அது மெதுவாக ஒரு பக்கமாக ஒதுங்கியதை ஆசிபா பார்த்தாள்.

துடிப்பைப் பதிவுசெய்ய இரண்டு பேர் வேண்டும் என்று சார் கேட்டபோது, அவள்தான் முதலில் கையைத் தூக்கினாள். கூடவே தங்கமாரியின் பெயரையும் சொல்லிவிட்டாள். புதூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற தங்கமாரி, ஆசிபா சொன்னால் எதற்கும் தலையாட்டுவாள். அன்றைக்குத் தயங்கினாள்.

“எனக்கு வேண்டாம்ட்டி. அந்த வாடை குமட்டுது.”

“ரெண்டு நிமிசந்தான். மூச்சைப் பிடிச்சிக்கோ. அடுத்து நாந்தானே உக்காரப்போறேன்.”

தங்கமாரி போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். சார் அவள் கணுக்காலில் ஒட்டியிருந்த கரிசலைப் பஞ்சால் அரைகுறையாகத் துடைத்தார். பாட்டிலுக்குள் இரண்டு விரலை விட்டு எடுத்து, இரண்டு மணிக்கட்டிலும் ஒரு கணுக்காலிலும் பசையை வழித்துத் தடவினார். மிச்சமிருந்த மண்ணோடு சேர்ந்து அது கறுத்து, நூல் நூலாக இழுபட்டது. அதன்மேல் உலோகக் கிளிப்புகளை மாட்டினார். கையைத் துடைக்கவில்லை. பாடத்தைச் சொல்லிக்கொண்டே அந்த விரல்களை ஒவ்வொன்றாக வாயில் வைத்துச் சப்பினார்.

ஆசிபா சுற்றிலும் பார்த்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. முன்வரிசைப் பிள்ளைகள் நோட்டில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஓரத்தில் நின்ற சுந்தரேஸ்வரி டீச்சர் போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார்.

திரையில் பச்சைக் கோடு ஓடியது. துடிப்புக்குத் துடிப்பு ஸ்பீக்கரில் சத்தம். முதலில் ஒழுங்காகத்தான் கேட்டது. பிறகு அது ஈரமானது. பல்லில்லாத வாய் ஒன்று நனைந்த பன்னைக் குதப்புவதுபோல, குதப்பிவிட்டு விழுங்குவதுபோல. இரண்டு நிமிடம் தாண்டி ஐந்து ஆனது, பத்து ஆனது. கோடு உயர்ந்துகொண்டே போனது. இவ்வளவு நல்ல பதிவு இதுவரை கிடைத்ததில்லை என்று சார் சொல்ல, பிள்ளைகள் கை தட்டினார்கள்.

ஆசிபா நாற்காலி அருகே போய்க் குனிந்து தங்கமாரியின் கையைப் பிடித்தாள். மணிக்கட்டு வழுவழுத்தது, விரலுக்கு அடியில் தோல் தளர்ந்து நகர்ந்தது. கிளிப்புக்கு மேலே விரலை வைத்து நாடியைத் தேடினாள். இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். இல்லை. போன வருஷம் வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த ஒன்பது நாளும் பக்கத்திலேயே இருந்தவள் அவள். நாடி பார்க்க ஒரு நர்ஸ் சொல்லிக்கொடுத்திருந்தார். அவள் விரலுக்கு அது தப்பாது.

டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். திரையில்தான் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறதே, உனக்குப் பார்க்கத் தெரியவில்லை என்றார் டீச்சர், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திரும்பி வந்தாள். தங்கமாரியின் உதடு வெளுத்திருந்தது. முகத்தில் வலி இல்லை.

“ஏட்டி, என்ன செய்யுது ஒனக்கு?”

தங்கமாரி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள்.

“வலிக்கலைட்டி,” என்றாள். “உள்ள உக்காந்து என்னமோ மெல்லுது.”

ஆசிபா கிளிப்பைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். பசை சளியைப் போல நீண்டு அறுந்து, கிளிப் கையோடு வந்தது. இரண்டாவது. கணுக்காலில் மூன்றாவது. மூன்றின் அடியிலும் தோல் வெந்ததுபோல வெளுத்துச் சுருங்கி, நடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. ரத்தம் இல்லை. அந்த ஓட்டைகளுக்குள் பசை மெல்ல வடிந்து இறங்கிக்கொண்டிருந்தது.

கிளிப்புகள் தரையில் கிடந்தன.

சத்தம் நிற்கவில்லை.

ஆசிபா மேஜையைச் சுற்றி ஓடி ஸ்பீக்கரின் ஒயரையும் திரையின் ஒயரையும் சேர்த்துப் பிடுங்கினாள். திரை அணைந்தது. சார் அவளைத் தடுக்கவில்லை. அடுத்த பேரைப் பார்க்கக் காகிதத்தைப் புரட்டினார்.

சத்தம் நிற்கவில்லை. குதப்பல். விழுங்கல். குதப்பல்.

நாற்காலியிலிருந்து வந்தது.

“தங்கம்,” என்றாள். மறுபடி கூப்பிட்டாள்.

தங்கமாரி தலையை நிமிர்த்தினாள். பதில் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்துகொண்டே போனாள். நாக்கு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அதன் பின்னால், தொண்டையை அடைத்துக்கொண்டு, கைமுஷ்டி அளவில் கருஞ்சிவப்பாக ஒரு சதை. மஞ்சள் பசை பூசி, பளபளவென்று, விரிந்தது. சுருங்கியது. விரிந்தது. ஒவ்வொரு விரிவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக நாக்கின்மேல் ஏறி, பல் வரிசையை நோக்கி வந்துகொண்டிருந்தது.

பிள்ளைகள் கை தட்டினார்கள். சார் காகிதத்தைப் பார்த்து ஆசிபாவின் பெயரை வாசித்தார்.