தோளில் இரண்டு தட்டு

மிக்ஸி ஓடவில்லை. குழாய்கூடச் சொட்டவில்லை. நாற்காலிக் கால்களுக்கெல்லாம் அம்மா துணி சுற்றிவைத்திருந்த அந்த வீட்டில், தரையில் நீண்டுகொண்டிருந்த மாலை வெயிலைத் தவிர எதுவும் அசையவில்லை. ஆனாலும் தங்கை, போட்டிருந்த காதுமூடிக்கு மேலேயே இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்னடி? ஒரு சத்தமும் இல்லையே!"

"வருது," என்றாள் தங்கை.

அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எல்லாம் இவளுக்காகத்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளை, சின்னச் சத்தம்கூட இவளுக்கு வலி என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து குக்கர் விசில் கிடையாது, பாட்டு கிடையாது, வாய்விட்டு ஒரு சிரிப்பு கிடையாது. சரி, அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மிக்ஸியைப் போடுமுன் அம்மா ஓடிவந்து இவள் தோளில் இரண்டு தட்டுத் தட்டுவாளே, 'சத்தம் வரப்போகுதுடா கண்ணு' என்று அர்த்தமாம், அதைத்தான் பார்க்கச் சகிக்காது. தன் தோளை அம்மா கடைசியாக எப்போது தொட்டாள்? நினைவே இல்லை. நான் என்ன தவிட்டுக்கு வாங்கின பிள்ளையா?

அம்மா கடைக்குப் போயிருந்தாள். அக்கா காதுமூடியை வெடுக்கென்று பிடுங்கினாள். தங்கையை எழுப்பிவிட்டு, அவளுடைய மூலை நாற்காலியில் தானே உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நான்தான் நீ. போடி அந்தப் பக்கம்."

காதுமூடியை மாட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். பஞ்சில் தங்கையின் தலைமுடி வாசனை, வியர்வைச் சூடு. தன் மூச்சு மட்டும் உள்ளே பெரிதாகப் போய்வந்தது. வேறெதுவும் கேட்கவில்லை.

தோளில் ஒரு தட்டு. இன்னொன்று.

அம்மா வந்துட்டா! காதுமூடியைப் பார்த்து, தங்கை என்று நினைத்துவிட்டாள் போல. இருக்கட்டுமே. அக்கா திரும்பாமல், அந்தக் கையின் மேல் கன்னத்தைச் சாய்த்தாள்.

கை சில்லென்று இருந்தது. ஈரமாக.

கண்ணைத் திறந்தாள். ஜன்னலுக்கு வெளியே, இரண்டு கையிலும் பையோடு, அம்மா அப்போதுதான் கேட்டைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மூலை நாற்காலி. முதுகுக்குப் பின்னால் சுவர்தான்.

எதிரே தங்கை. காதுகளைப் பொத்தியபடி, அக்காவின் தலைக்கு மேலே எதையோ பார்த்தாள். பிறகு கண்களையும் இறுக மூடிக்கொண்டாள்.

சத்தம் வருமுன் தட்டுவதுதானே இந்த வீட்டு வழக்கம்.

குளிர்ந்த விரல்கள், பின்னாலிருந்து, காதுமூடியை மெல்லக் கழற்றின.