அமுங்காத பட்டன்

போன் அலறியது.

கார்பன் உடனே எடுக்கவில்லை. நன்றாக அடிக்கட்டும் என்று விட்டான். காய்ச்சலில் கிடப்பவன் அவ்வளவு சீக்கிரம் எழுந்து வருவானா என்ன?

"சார்... உங்க அண்ணன் ஆபீஸ் பால்கனியிலேருந்து விழுந்துட்டாரு. உயிர் இல்ல சார்," என்றார் வாட்ச்மேன்.

"ஐயோ... எப்படி?"

எப்படியென்று அவனுக்கா தெரியாது? தள்ளிவிட்டவனே அவன்தானே!

கார்பன் என்பது, அண்ணனின் கார்பன் காப்பி என்று ஆபீஸ் வைத்த பட்டப்பெயர். அண்ணனும் தம்பியும் சேர்ந்து டி.வி. சேனல்களுக்கு கேம் ஷோ உருவாக்கித் தருகிறவர்கள். 'சேர்ந்து' என்பதெல்லாம் விசிட்டிங் கார்டில் மட்டும்தான். யோசனை அண்ணனுடையது, டைப் அடிப்பது தம்பி. டி.வி.யில் அண்ணன் பேட்டி வந்தால், பெற்ற அம்மாகூட இவனைத் தள்ளி உட்காரச் சொல்வாள்... மறைக்கிறானாம்!

வயிறு எரிந்தது. வருஷக்கணக்காக எரிந்தது.

அன்று சாயங்காலம் பின்படிக்கட்டு வழியாகப் போனான். வெள்ளைப் பலகையில் புது ஷோவின் விதிகளை அண்ணன் எழுதி முடித்திருந்தார். இந்த ஒன்றையாவது என் பேரில் கொடு என்று கெஞ்சினான்.

"உனக்கு எதுக்குடா இதெல்லாம்? நீ டைப் அடி, போதும்," என்று சிரித்தபடி பால்கனிப் பக்கம் திரும்பினார் அண்ணன்.

அவ்வளவுதான்.

பலகையைப் போனில் படம் பிடித்தான். துடைத்தான். வீட்டுக்கு வந்து போர்த்திக்கொண்டு படுத்தான்.

போலீஸ் வந்தது, பார்த்தது, தவறி விழுந்ததாகச் சொல்லிவிட்டுப் போனது. துக்கத்தின் ஈரம் காயுமுன்னே சேனல் தலைவியின் முன்னால் போய் உட்கார்ந்தான் கார்பன்.

"முழுக்க என் ஐடியா மேடம். அண்ணனுக்குக்கூட இது தெரியாது."

அவள் ஒத்திகைக்குச் சம்மதித்தாள். அண்ணி தானும் விளையாட வருவதாகச் சொன்னபோது கார்பனுக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணனைத் தவிர யாரையும் மெச்சாத அண்ணி!

மூன்று நாற்காலிகள். அண்ணி, சேனலின் கணக்காளர், கொண்டையை இறுக்கிக் கட்டிய ஒரு பெண். ஒருவர் மூடிய பெட்டியைப் பிடித்துக்கொண்டு உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்வார். அது மெய்யா பொய்யா என்று மற்றவர்கள் பட்டனை அமுக்க வேண்டும். தப்பாக அமுக்கினால் அவுட்.

கொண்டைக்காரி அவுட். பெட்டி சுற்றி வந்தது. கணக்காளரும் அவுட்.

அண்ணி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசி வரை ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை.

"அண்ணி, பட்டனை அமுக்கணும்..."

"ரூல்ல என்ன போட்டிருக்கு? படிங்க தம்பி."

படித்தான். "பட்டனை அமுக்காதவர்... அடுத்த சுற்றுக்குப் போகலாம்."

சும்மா உட்கார்ந்திருப்பவர் ஜெயிக்கிற ஆட்டம்! டைப் அடித்தானே தவிர, ஒரு தடவையாவது விளையாடிப் பார்த்தானா?

"உங்க அண்ணன் எந்த ஆட்டத்தையும் முதல்ல சரியா எழுத மாட்டார்," என்றாள் அண்ணி. "திருடினவன் மாட்டணும்னு ஒரு தப்பான ரூலைச் சேர்த்து வைப்பார். அதை எடுத்துட்டுத்தான் உங்ககிட்ட டைப்புக்குத் தருவார். அன்னிக்கு பலகையில இதை எழுதின கையோட எனக்கு போன் பண்ணிச் சொல்லிச் சிரிச்சார். அப்புறம் அந்தக் குரலை நான் கேக்கவே இல்ல."

அவள் கண் நிறைந்தது. குரல் மட்டும் அசையவில்லை.

"அந்த ரூல் பலகையைத் தவிர வேற எங்கயும் இல்ல. போலீஸ் வந்தப்போ பலகை காலி. அதைத் துடைச்சது யாரு... கார்பன்?"

அவள் அவனைத் 'தம்பி' என்று கூப்பிடாதது அதுதான் முதல் தடவை.

"நான்... காய்ச்சல்ல படுத்திருந்தேன்..."

கொண்டைக்காரி எழுந்தாள். கைப்பையிலிருந்து அவள் எடுத்தது விலங்கு.

"ஸ்டேஷன்ல வந்து சொல்லுங்க சார்," என்றாள் அண்ணி சொல்லி மஃப்டியில் வந்திருந்த அந்த இன்ஸ்பெக்டர். "வாக்குமூலத்தை நீங்களே டைப் அடிக்கலாம். கவலையே படாதீங்க... இந்த ஒண்ணு முழுக்க உங்க பேர்லதான் வரும்!"