தேரிக்காட்டில் விழுந்த சிவப்புப் பெட்டி

“விழுந்துட்டு! தேரிக்குள்ள விழுந்துட்டு!”

பள்ளிக்கூட மொட்டை மாடியில் நின்று சுடலைமணி போட்ட கூச்சல் கொம்பன்விளைக் கடைத்தெரு வரை கேட்டது. விடிந்ததும் ஊர்கூடி வானத்துக்கு அனுப்பிய பெரிய பலூன் எங்கேயோ உச்சியில் வெடித்துவிட்டது. அது சுமந்து போன பெட்டி ஒரு பாராசூட்டில் ஆடி ஆடி இறங்கி, மேற்கே தேரியின் செம்மணல் மேடுகளுக்குப் பின்னால் மறைந்தது. உள்ளே ஒரு கேமராவும், இருபது குடும்பங்கள் ஆசை ஆசையாய் வைத்தனுப்பிய பொருள்களும் இருந்தன. இனி அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்!

இதெல்லாம் ஞாயிறு சோதனைக் கூட்டத்தின் வேலை. அறிவியல் ஆசிரியை ஹலீமா டீச்சர் தொடங்கிய கூட்டம் அது. பிள்ளைகள் மட்டும் வந்தால் சேர்க்கமாட்டார். வீட்டுப் பெரியவர் ஒருவரும் கூடவே வந்து கையை அழுக்காக்கிக்கொள்ள வேண்டும். இந்த முறை சோதனை, ‘உயரே போனால் பொருளுக்கு என்ன ஆகும்?’ என்பது. ஒரு வீட்டார் அப்பளம் வைத்தார்கள், இன்னொரு வீட்டார் மிக்சர் பாக்கெட், வேறொருவர் முருங்கை விதை.

மூன்று மாடிகளில் மூன்று குடும்பங்கள் திசைகாட்டியோடு நின்று, பெட்டி மறைந்த திசையைக் குறித்திருந்தன. சுடலைமணி அந்த மூன்று கோடுகளையும் வரைபடத்தில் இழுத்தான். பன்னிரண்டு வயசுதான், ஆனாலும் ஒரு கோடும் கோணவில்லை.

“மூணும் கிட்டத்தட்ட ஒரே எடத்துல முட்டுது டீச்சர்!”

எல்லாரும் கைதட்டினார்கள். ஜெபமலர் மட்டும் தட்டவில்லை. அந்தப் பத்து வயசுப் பெண் மேற்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் அப்பா தனசிங்குக்குத் தெரியாமல் அந்தப் பெட்டிக்குள் ஒரு பொருளை வைத்திருந்தாள். இறந்துபோன அம்மாவின் கைக்கடிகாரம். தனசிங் தினமும் காலையில் சாவி கொடுத்து ஓடவிடும் கடிகாரம். அன்று அவர் விடியுமுன் வாழைத்தார் ஏற்றப் போய்விட்டதால் இன்னும் அவருக்கு விஷயம் தெரியாது.

லோடு இறக்கிவிட்டுத் திரும்பிய தனசிங்கின் ‘குட்டியானை’ சரக்கு வண்டியில்தான் பயணம். முன்னால் டீச்சர், பின்னால் ஜெபமலர், சுடலைமணி, அவன் அம்மா முத்துக்கனி. பாராசூட் தைத்தது முத்துக்கனிதான்.

“ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க” என்றார் தனசிங். “மத்தியானம் மேக்காத்து பிடிச்சிரும். பிடிச்சா மணல் பறக்கும். இன்னைக்கு இருக்க மேடு நாளைக்கு இருக்காது. அதுக்குள்ள எடுத்தா உண்டு, இல்லன்னா பெட்டிய மறந்துர வேண்டியதுதான்.”

ஜெபமலர் வண்டியின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பாதை முடிந்த இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தார்கள். கால் புதைந்தது. ஒரு அடி ஏறினால் அரை அடி சறுக்கியது. குடைபோல் விரிந்த ஓடை மரங்களின் முள் பாவாடையைப் பிடித்து இழுத்தது. கடைசியில் சுடலைமணி சொன்ன இடத்துக்கு வந்து, உச்சியில் ஏறி நின்று பார்த்தார்கள்.

எங்கு பார்த்தாலும் சிவப்பு!

முத்துக்கனி தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “ஐயோ! பெட்டியும் செவப்பு, பாராசூட்டும் செவப்பு. மண்ணும் செவப்புல்லா!”

சிவப்பு வேண்டும் என்று ஊரே கையைத் தூக்கித்தான் முடிவெடுத்தது. நீல வானத்தில் பளிச்சென்று தெரியுமாம்! தெரிந்தது, இல்லை என்று சொல்லவில்லை. வானத்தில் இருந்தவரைக்கும் தெரிந்தது. பிறந்ததிலிருந்து தேரியைப் பார்த்து வளர்ந்தவர்களில் ஒருவருக்கும், மேலே போனது கீழேயும் வரும் என்ற நினைப்பு வரவில்லை பாருங்கள்.

“வரிசையா நடங்க! ஒரு புதர் விடாதீங்க!” என்றார் டீச்சர். நடந்தார்கள். முந்திரி மரத்தடி, பனைமரத்தடி, பள்ளம், மேடு எல்லாம் தேடினார்கள். கொண்டுவந்த தண்ணீர் பாதியாய்க் குறைந்தது. பெட்டி அகப்படவில்லை. அப்போது முதல் காற்று வந்து முகத்தில் மணலை அள்ளி வீசியது.

“போதும்” என்றார் தனசிங். “பிள்ளையளுக்குக் கண்ணு போயிரும். அப்பளத்துக்கும் மிக்சருக்கும் உயிர விடணுமா? வாங்க, திரும்பலாம்.”

“வேண்டாம்ப்பா!”

ஜெபமலர் போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பினார்கள்.

“அம்மா வாட்ச் அதுக்குள்ள இருக்குப்பா. நாந்தான் வச்சேன்.”

தனசிங்கின் கை தன்னையறியாமல் சட்டைப் பையைத் தடவியது, அங்கே அது இருக்கும் என்பதுபோல. பிறகு மணலிலேயே உட்கார்ந்தார்.

“ஏன் மக்கா?”

“வாகைக்குளத்துல ஏரோப்ளேன் எறங்குறதப் பாக்க அம்மா வண்டிய நிப்பாட்டச் சொல்லுவாவன்னு நீங்கதான சொன்னிய? ஒரு தடவையாது மேல போகணும்னு ஆசப்பட்டாவன்னு… அதான் வச்சேன்.”

தனசிங்குக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே கண்ணீராய் இறங்கிவிட்டது. மகளை இழுத்து அணைத்துக்கொண்டார். அப்புறம் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டு எழுந்தார். “தேடுவோம்!”

காற்று வலுத்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. டீச்சர் தன் பையைக் குடைந்தார். போன வாரச் சோதனைக்குப் பிள்ளைகள் செய்த அட்டைக் கண்ணாடிகள் கிடந்தன. ஒரு கண்ணுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள், மறு கண்ணுக்குப் பச்சை.

“மணலுக்காவது மறைப்பா இருக்கும், போடுங்க.”

ஜெபமலர் போட்டுக்கொண்டாள். ஒரு கண்ணை மூடினாள், திறந்தாள், மறு கண்ணை மூடினாள். சட்டென்று நின்றாள்.

“முத்துக்கனி அத்த, பாராசூட் துணியில மிச்சம் இருக்கா?”

கிழிந்தால் தைக்க முத்துக்கனி ஒரு துண்டு கொண்டுவந்திருந்தாள். ஜெபமலர் அதை மணலில் விரித்து, பறக்காமல் ஓரத்தை மிதித்துக்கொண்டாள். வெறும் கண்ணுக்கு மண்ணோடு மண்ணாய்க் கிடந்தது. சிவப்புத்தாள் வழியே பார்த்தாலும் துணி தனியாய்த் தெரியவில்லை. பச்சைத்தாள் வழியே பார்த்தாள்.

“கறுப்பா தெரியுது! மண்ணு மங்கலாத்தான் தெரியுது, துணி மட்டும் கறுப்பா இருக்கு!”

டீச்சரும் பார்த்தார். “ஆமா! இந்தச் சாயம் சுத்தச் சிவப்பு. பச்சை வழியா அதோட வெளிச்சம் வராது. மண்ணுல மஞ்சளும் கலந்திருக்கு, அதனால கொஞ்சம் வருது. எல்லாரும் சிவப்புப் பக்கக் கண்ண மூடுங்க! கறுப்பைத் தேடுங்க!”

ஐந்து பேர், அட்டைக் கண்ணாடியோடு, ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு அந்தப் பொட்டலில் நின்ற கோலத்தை யாராவது பார்த்திருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். ஆனால் சுடலைமணி சிரிக்காமல் கையை நீட்டினான்.

“அந்தா! அந்த ஓடை மரத்தடியில! கறுப்பா ஒரு முனை!”

முதலில் ஓடியவர் தனசிங். செருப்பு ஒரு பக்கம் போயிற்று, துண்டு ஒரு பக்கம் போயிற்று. முழங்காலிட்டு இரண்டு கையாலும் மணலைத் தள்ளினார். பாராசூட்டின் ஓரம் வந்தது, கயிறு வந்தது, பாதிக்குமேல் புதைந்த பெட்டி வந்தது!

மூடியைத் திறந்தார்கள். அப்பளம் தூள். மிக்சர் பாக்கெட் வெடித்துப் பெட்டியெங்கும் கடலை. அடியில் பூப்போட்ட கைக்குட்டை ஒன்று. தனசிங் அதைப் பிரித்து, உள்ளே இருந்த கடிகாரத்தைக் காதில் வைத்தார். வெகுநேரம் அப்படியே வைத்திருந்தார்.

“ஓடுது” என்றார். ஜெபமலரின் காதிலும் வைத்தார்.

அன்று சாயங்காலம் பள்ளி வராந்தாவில் இடமில்லை. கேமரா எடுத்த படம் சுவரில் ஓடியது. கடற்கரை வளைந்தது, வானம் கறுத்தது, பூமியின் ஓரம் நீலமாய் மின்னியது. ஊர் எட்டி எட்டிப் பார்த்தது. முத்துக்கனி எழுந்து, “இனிமே எந்த நிறம்னாலும் மொதல்ல மண்ணுல விரிச்சுப் பாப்போம், அப்புறம் கையத் தூக்குவோம்” என்றாள். அதற்குப் பலத்த கைதட்டல்.

கடைசியில் ஜெபமலர் எழுந்தாள். “நான் வாட்ச் வச்சேன். கேமரா நேரமும் வாட்ச் நேரமும் ஒண்ணா இருக்க மாதிரி திருப்பி வச்சுட்டுத்தான் வச்சேன். இப்ப வாட்ச் பதினோரு நிமிஷம் பிந்தி ஓடுது.”

“மேல கடுங்குளிர்” என்றார் டீச்சர். “உள்ள எண்ணெய் உறைஞ்சு கொஞ்ச நேரம் நின்னுருக்கும். கீழ வரவும் மறுபடி ஓடியிருக்கும். அருமையான முடிவு ஜெபமலர்! குடுங்க தனசிங், சரியான நேரத்துக்குத் திருப்பி வைப்போம்.”

தனசிங் கடிகாரத்தைக் கொடுக்கவில்லை. உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார்.

“வேண்டாம் டீச்சர். அவ மேல நின்னு பாத்துட்டு வந்த நேரம்லா அது. அது அப்படியே இருக்கட்டும்.”

மறுநாள் காலையில் அவர் கடிகார முள்ளைத் திருப்பாமல் சாவி மட்டும் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து ஜெபமலர் பார்த்துக்கொண்டிருந்தாள்.